வட்டமும் கட்டமும்

கட்டம் நல்ல மாதிரி. அமுக்கினால் டிக் விழுகிறது. தப்பாக விழுந்துவிட்டால் மறுபடி ஒரு அமுக்கு, டிக் போய்விடுகிறது, இருந்த தடமே தெரியாமல். ஆவுடைத்தாய் இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கம்ப்யூட்டர் கடையில், கடகடவென்று ஆடுகிற காத்தாடிக்கு நேர் கீழே, மடியில் மகள் வர்ணிகாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இவள் கையில் மவுஸைக் கொடுத்து, "நீங்களே அமுக்கிக்கிட்டு இருங்கக்கா, ஒண்ணும் வெடிச்சிராது, இந்த ஜெராக்ஸ் கூட்டத்தை அனுப்பிட்டு வாரேன்" என்று கடைக்காரப் பெண் ஜெபக்கனி எழுந்து போயிருந்தாள். "சரிக்கா" என்று ஆவுடை சொன்னதற்கு, "நீங்க என்னை அக்காங்கீங்க, நான் உங்களை அக்காங்கேன், அப்ப யாருதான் தங்கச்சி?" என்று போகிற போக்கில் சிரித்தாள். ஆவுடைக்கும் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. ரயிலடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு இருக்கிற இடம் நாற்பது. மனு கம்ப்யூட்டரில்தான் போகவேண்டும், இன்று நாலு மணிக்குள். சுவரில் மணி மூன்றாகப் பத்து நிமிஷம். பேரும் ஊரும் ஆதார் நம்பரும் ஜெபக்கனியே தட்டிக் கொடுத்துவிட்டாள், மிச்சம் இருக்கிறது கட்டங்கள்தான். பிள்ளைக்கு என்னென்ன மொழி தெரியும், தமிழ், ஒரு டிக். என்னென்ன வியாதி உண்டு, எதுவும் இல்லை, எல்லாக் கட்டமும் காலி, அப்படியே இருக்கட்டும் சாமி. என்னென்ன ஊசி போட்டாயிற்று. இதற்கு எத்தனை கட்டம்! ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொன்றாக அமுக்கி, டிக், டிக், டிக், பூசணிப் பூ வைத்த மாதிரி வரிசையாக விழ, வர்ணிகா "அம்மா நானு, அம்மா நானு" என்று கையை நீட்ட, இந்தப் பிள்ளைக்கு நான் ஒரு ஊசிகூடத் தவறவிட்டதில்லை, வெயிலில் மழையில் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன், அட்டையில் எல்லாக் கட்டத்திலும் நர்சம்மா கையெழுத்து இருக்கிறது, என்று நினைத்தவள் அந்த அட்டையோடு நிறுத்தியிருக்கலாம். அட்டை இரண்டு. பெட்டியில் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில், பாலித்தீன் உறைக்குள், இரண்டாவது அட்டை இருக்கிறது. அதில் எல்லாக் கட்டமும் காலி. மேலே பேர் எழுதுகிற இடத்தில் பேர் இல்லை. 'ஆவுடைத்தாய் - 2' என்று நீல மையில் எழுதியிருக்கும்.

அடுத்த கேள்விக்கு மவுஸை உருட்டினாள். உடன்பிறந்தோர் உண்டா. உ-ட-ன் என்று ஆரம்பித்து முடிவுவரை வாசிப்பதற்குள் பாதியிலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் கண் மிச்ச எழுத்தையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தது. கீழே இரண்டு. ஆம். இல்லை. பக்கத்தில் கட்டம் இல்லை, குட்டி வட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பார்வை போன கண் மாதிரி வெறுமையாக. சரி, இதைத் தாண்டிப் போய்விடலாம், ஜெபக்கனி வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று மவுஸை உருட்டப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வர்ணிகா மடியில் குதித்தது. விரல் அழுந்திவிட்டது. ஆம் என்கிற வட்டத்துக்குள் கறுப்பாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதற்குக் கீழே இருந்த வரிகளெல்லாம் தள்ளிக் கொடுத்தன, நடுவில் புதிதாக இடம் திறந்தது, பெயர், பிறந்த தேதி, படிக்கும் வகுப்பு, மூன்றுக்குப் பக்கத்திலும் சிவப்பாக ஒரு நட்சத்திரம். ஐயோ. ஒன்றும் இல்லை, கட்டத்துக்குச் செய்த மாதிரி மறுபடி அமுக்கினால் போய்விடும். அமுக்கினாள். புள்ளி அப்படியே இருந்தது. இன்னொரு தடவை. இன்னும் ஓங்கி ஒரு தடவை. எறும்பை நசுக்குகிற மாதிரி பலமாகத்தான் அமுக்குகிறாள், அது அசையவில்லை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கட்டத்துக்கு இருந்த இரக்கம் வட்டத்துக்கு இல்லை போலிருக்கிறது. காதுப் பக்கம் வேர்த்தது. பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ. திரும்பிப் பார்க்கவில்லை. எப்படியோ அம்புக்குறி நழுவிக் கீழே போய் இல்லை என்கிற வட்டத்தில் விழுந்தது, புள்ளி குதித்து அங்கே போனது, போன கையோடு பெயரும் பிறந்த தேதியும் வகுப்பும் மூடிக்கொண்டன. கண் மூடித் திறப்பதற்குள். அந்த இடமே இல்லாத மாதிரி கீழ் வரிகள் மேலேறி வந்து ஒட்டிக்கொண்டன. மண் தள்ளி மூடுகிறதுகூட இதைவிட மெதுவாகத்தான் நடக்கும். அவள் பயந்துபோய் மறுபடி ஆம் என்பதை அமுக்கினாள். திறந்தது. பெயர். சிவப்பு நட்சத்திரம். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. இந்த வட்டத்தில் ஒன்றை விடவேண்டும் என்றால் இன்னொன்றைத் தொட்டாக வேண்டும். ஒரு தடவை கை வைத்துவிட்டால் இரண்டிலும் இல்லாமல் சும்மா நிற்க முடியாது. கை வைக்காமல் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கும்.

போனை எடுத்தாள். வர்ணிகா "அப்பாவா" என்று கேட்டது. ஆமா, அப்பாதான், நீ அந்தக் காத்தாடியைப் பாரு. தறிச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம்தான் சண்முகவேல். "என்ன, முடிஞ்சிட்டா?" என்று கத்தினான். "இல்லத்தான். ஒரு கேள்வி கேக்குது." "என்னத்த கேக்குது?" "கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு." சத்தம், கடக்கடக், கடக்கடக். அவன் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு சைக்கிள் மணி கேட்டது, ஒரு காக்காய் கேட்டது. "அது எதுக்கு நம்மகிட்ட கேக்காம்?" என்றான், கோபமாகச் சொல்ல நினைத்தது அப்படி வரவில்லை. "எல்லார்கிட்டயும்தான் கேக்கும் போல." "ம்." "என்னத்தான் போட?" அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும், சொல்லக்கூடாதே என்றும் இருந்தது, இல்லன்னு போடு என்று திட்டிச் சொல்லிவிட்டால்கூட நல்லது, வேறு யார் வாயிலிருந்தாவது அது வரட்டும், இந்த ஒரு தடவை. "நீயே பாத்துப் போடு, ஆவுட" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நீயே. அன்றைக்கும் இதே மாதிரிதான். அவனைக் குறை சொல்ல முடியாது, பயந்த மனுஷன், பயத்தில் வாசல் பக்கமே நின்றான். அம்மா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பதினோரு மணி வெயில், எட்டாம் மாசத்திலேயே வலி வந்து, பதினைந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைத் துணியில், இரண்டும் கையளவு, இரண்டுக்கும் மூச்சு ஓட்டமாக ஓடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது, ஆனால் வண்டியில் சூட்டுப் பெட்டி ஒன்றுதான், கண்ணாடிப் பெட்டி, அதில் ஒரு பிள்ளைதான் கொள்ளும். அடுத்த வண்டி ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நர்சம்மா வாசலுக்குப் போய் அவனிடம் கேட்டாள், அவன் குரல் உள்ளே வந்தது, "அவகிட்டயே கேளுங்க." திரும்பி வந்து குனிந்தாள். நல்ல பொம்பளைதான், தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள். "எதும்மா முதல்ல? சீக்கிரம் சொல்லு தாயி, நிக்க நேரமில்ல." எது. ஆவுடைக்கு வாய் வரவில்லை. விரல்தான் போனது. வலது கைச் சுட்டுவிரல், இதோ இப்போது மவுஸின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கிற இதே விரல், தானாக எழுந்து, ஒரு துணி மூட்டையைக் காட்டியது.

ஏன் அதைக் காட்டியது? ஐந்து வருஷமாகக் கேட்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது கேட்பாள், நூல் சுற்றும்போது கேட்பாள். அது அசைந்தது, அதனால் காட்டினேன் என்று ஒரு நாள் பதில் கிடைக்கும், மனசு கொஞ்சம் ஆறும். மறுநாள் பார்த்தால் அசைந்தது மற்றது என்று தோன்றும். வலது பக்கம் பக்கத்தில் இருந்தது, கை எட்டியது, அவ்வளவுதான் என்று ஒரு நாள். அழுதது அது என்று ஒரு நாள். அழவே இல்லையே, இரண்டுமே அழவில்லையே. எது பையன், எது பொட்டப் பிள்ளை என்று அவளுக்கு அப்போது தெரியாது, துணிக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது, இதை யாரிடம் வேண்டுமானாலும் கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணுவாள். யாரும் சத்தியம் கேட்கவில்லை, அவரவர் தாங்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். மாமியாரின் அக்கா துக்கம் கேட்க வந்தவள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, இவள் காதில் விழட்டும் என்றே, "எவளாவது ஆம்பளப் பிள்ளையை விட்டுட்டுப் பொட்டையக் காட்டுவாளா? இவ காட்டியிருக்காளே!" என்றாள். மாமியார் உடனே, "அந்தப் பேச்சே இந்த வீட்டுல ஆகாது, வாய மூடிக்கிட்டுக் காப்பியக் குடி" என்று அடக்கினாள். அன்றையிலிருந்து அந்தப் பேச்சு அந்த வீட்டில் ஆகவில்லை. நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் பேசக்கூடாது என்று சொன்னதும் அந்தப் பையனும் வீட்டில் ஆகாமல் போனான். அடுத்த வண்டி ஒரு மணி நேரத்தில் வரவில்லை, கொஞ்சம் பிந்திவிட்டது, வந்ததும் கொண்டுபோனார்கள், கொழுந்தன் கூடப் போனான், பாதி வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி. கொழுந்தன்தான் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னான், எத்தனை பெட்டி மதினி, முடியவே இல்ல, என்று. கேட் திறக்கும்போது மூச்சு நின்றிருந்தது. அவள் அந்தக் கேட்டைப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அதன் முன்னால் நிற்கிறாள், பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பள்ளிக்கூடம் ரயிலடிப் பக்கம் என்றதும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள், ஏன் என்று கேட்டதற்குத் தூரம் என்றாள். அதற்கப்புறம் அவள் விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. காய்க்காரன் "எதுக்கா, இதா அதா" என்று கேட்டால் தாடையைத் தூக்கிக் காட்டுவாள். ஜவுளிக்கடையில் அப்படித்தான், எது வேணும்மா என்பான், அவள் சேலைக் கட்டின் மேல் முழுக்கையை வைப்பாள். கூச்ச சுபாவம் என்கிறார்கள். இருக்கட்டும். வாயில்லாத பொம்பளை என்கிறார்கள். இருக்கட்டும். வர்ணிகாவின் காதில் மட்டும் அந்தக் கிழவியின் சொல் விழுந்துவிடக் கூடாது, இவள் ஒரு நாள் வந்து, அம்மா நீ என்னைக் காட்டினியாமே என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் என்ன சொல்வது? ஆமா, உன்னைத்தான் காட்டினேன் என்றால் அவனுக்கு என்ன பதில்? தெரியாமல் காட்டினேன் என்றால் இவளுக்கு என்ன பதில்?

"என்னக்கா, அங்கனயே நிக்கீங்க?" ஜெபக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள், கையில் ஜெராக்ஸ் மை வாசனை. திரையைப் பார்த்தாள். ஆம். பெயர், சிவப்பு நட்சத்திரம். "இன்னொரு பிள்ளை இருக்கா? சொல்லவே இல்ல. பேரு சொல்லுங்க, அடிச்சிருதேன்." கை தட்டுவதற்குத் தயாராக இருந்தது. ஆவுடை மகளின் தலையைப் பார்த்தாள், வகிடு கோணலாக இருந்தது, காலையில் அவசரத்தில் எடுத்தது. பின்னால் பெஞ்சிலிருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்? எனக்கு ஒரு பட்டா நகல் எடுக்கணும்." "பட்டா எங்கயும் ஓடிராது தாத்தா, இவங்களுக்கு நாலு மணிக்கு முடிஞ்சிரும்" என்று திரும்பாமலே சொன்னாள் ஜெபக்கனி. "சொல்லுங்கக்கா." "இருந்தான்" என்றாள் ஆவுடை. சத்தம் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். "ரெட்டை." ஜெபக்கனியின் கை தட்டுகிற பலகையிலிருந்து மெதுவாக இறங்கி மடிக்குப் போனது. காத்தாடி கடகடத்தது. "பேரு?" என்று கேட்டாள், இந்தத் தடவை தட்டுவதற்காகக் கேட்டதில்லை. "வைக்கல." "சரிக்கா. அப்பம் இல்லைன்னு போட்டுக்கிடுவோம், என்னா. இது இந்த ஸ்கூலுல வேற பிள்ளை படிக்கான்னு பாக்குறதுக்குத்தான். ஆம்னு வச்சா பேரு கேக்கும், வகுப்பு கேக்கும், அது இல்லாம அடுத்த பக்கத்துக்கு விடாது. நீங்க ஒண்ணும் பொய் சொல்லல." ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவள் சொல்வது சரிதான். பேரில்லாதவனை எந்த வகுப்பில் போடுவது. ஆனாலும் அந்த மூடிக்கொள்கிற வேகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. "அக்கா" என்றாள் ஆவுடை. ஜெபக்கனியிடம் அவளாக ஆரம்பித்துப் பேசுவது அதுதான் முதல் தடவை. "ரெண்டையும் வைக்க முடியாதா?" "எதை?" "ஆம், இல்லை, ரெண்டையும். மேல கட்டத்துல எத்தனை வேணும்னாலும் வைக்க விடுதுல்லா." ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் சிரிக்கவில்லை. "வட்டத்துல முடியாதுக்கா. வட்டம்னா ஒண்ணுதான். ஒண்ணை எடுத்தா மத்தது தானா விழுந்திரும், அப்படித்தான் செஞ்சிருக்கு." "யாரு செஞ்சா?" கேட்ட பிறகுதான் எவ்வளவு கோபமாகக் கேட்டோம் என்று ஆவுடைக்கு உறைத்தது. "நான்தான்" என்றாள் ஜெபக்கனி.

அவள்தான். பெரிய டீச்சர் கேட்டாங்கன்னு இந்த மனுவை நான்தான் செஞ்சு கொடுத்தேன், என்றாள். இந்த வட்டமும் கட்டமும் வேறவேற இல்லக்கா, ஒரே துண்டு, ஒரு தடவ உக்காந்து செஞ்சது. ஒரு எடத்துல ஒரு வார்த்தைய மாத்தினா வட்டம், இன்னொரு வார்த்தை போட்டா கட்டம். அதையே எடுத்து எடுத்துப் போட்டுக்கிடுவேன், மண்டப புக்கிங்குக்கும் அதான், ரத்ததான முகாமுக்கும் அதான், தையல் கிளாஸ் சேர்க்கைக்கும் அதான், ஒவ்வொரு தடவையும் புதுசாச் செய்யறதில்ல. ஆவுடை கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் புரியவில்லை, ஆனால் இது புரிந்தது. ஒரு தடவை செய்தது. எடுத்து எடுத்துப் போடுவது. அவளுக்குள்ளும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது, பதினோரு மணி வெயிலில் ஒரே ஒரு தடவை செய்தது. அதைத்தான் யாரோ எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், காய்க்கடையில், ஜவுளிக்கடையில், ரேஷன் கடையில் பிள்ளை எத்தனை என்று கேட்கும்போது, தெருவில் எதிரே வருகிறவள் இவளுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ பெத்துக்கிட வேண்டியதுதானே என்னும்போது. ஒவ்வொரு தடவையும் புதிது மாதிரி வருகிறது, வந்ததும் அதே வட்டம். எதும்மா முதல்ல. "அப்ப அந்த வார்த்தைய மாத்தினா," என்றாள் ஆவுடை, தன் குரலைத் தானே தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி, "இது கட்டமா ஆயிருமா?" ஜெபக்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். சுவரில் மணியைப் பார்த்தாள், மூன்றே கால். "மனுவுல மாத்த முடியாதுக்கா. பெரிய டீச்சரைக் கேக்கணும், மத்தவங்களுக்கும் மாறிரும். ஆனா இந்த மெஷின்ல மட்டும், சும்மா கண்ணுக்கு, மாத்தலாம். எங்கயும் போய்ச் சேராது. பக்கத்தைத் திரும்பத் திறந்தா அழிஞ்சிரும்." "சரி" என்றாள் ஆவுடை. "எல்லாத்தையும் முதல்லருந்து அடிக்கணும்." "இருக்கட்டும்." பெரியவர் பின்னால் பெருமூச்சு விட்டார்.

திரையின் ஒரு ஓரத்தில் எறும்புக் கூட்டம் மாதிரி எழுத்துகள் திறந்தன. ஜெபக்கனி அதில் ஓரிடத்தைப் பிடித்து ஒரு சின்ன வார்த்தையை அழித்தாள், வேறொன்று தட்டினாள், கீழே இன்னொரு இடத்திலும் அதையே செய்தாள். அவ்வளவுதான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வட்டம் இரண்டும் கட்டமாகி நின்றன. இவ்வளவு சின்ன வேலையா அது. ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்த வண்டியில் ஒரு பெட்டி என்கிற இடத்தில் இரண்டு பெட்டி என்று இருந்திருந்தால். "அமுக்குங்கக்கா." ஆவுடை மவுஸைப் பிடித்தாள். ஆம், டிக். இப்போது இன்னொன்றைத் தொட்டால் இது விழுந்துவிடும், விழுந்துவிடும் என்று கை பின்னால் இழுத்தது. இல்லை, டிக். ஒன்றும் விழவில்லை. இரண்டும் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே துணியில் சுற்றின மாதிரி, ஒன்றை ஒன்று தள்ளாமல். உடன்பிறந்தோர் உண்டா. ஆம். இல்லை. இப்படித்தானே, இதுதானே சரி, இதைத்தானே ஐந்து வருஷமாகச் சொல்ல வாய் வராமல் இருந்தது, கேட்டவர்கள் யாரும் இப்படி இரண்டு கட்டம் போட்டுக் கேட்கவில்லை. இருக்கிறான், இல்லை. காட்டினேன், காட்டவில்லை. இந்தப் பிள்ளையின் சூடு மடியில் இருக்கிறது, அந்தச் சூடும் ஒரு மணி நேரத்துக்குமேல் என் இடது கைப் பக்கம் இருந்தது, அதை ஏன் யாரும் கேட்கவில்லை, நானே ஏன் நினைக்கவில்லை. வண்டி பிந்தி வந்த அந்த நேரம் முழுக்க அவன் என்னிடம்தான் இருந்தான். உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தேன். துணியை விலக்கிப் பாதத்தைப் பார்த்தேன். விரல் ஐந்தும் இருந்தது. அவன் என் சுட்டுவிரலைத்தான், ஆமாம், இதைத்தான், பிடித்துக்கொண்டான். இது எப்படி மறந்துபோனது? காட்டினது மட்டும் ஞாபகம் இருந்து, பிடித்தது எப்படி மறந்துபோனது? "ரெண்டு டிக்கு" என்றது வர்ணிகா. "ஆமா" என்றாள் ஆவுடை. கண்ணில் நீர் கட்டி இரண்டு டிக்கும் நாலாகத் தெரிந்தன, துடைக்கவில்லை, துடைத்தால் பெஞ்சில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். ஜெபக்கனி வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோவில்பட்டி வண்டி ஒன்று கிளம்பியது, இன்னொன்று வந்து நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஆவுடைதான், "போதும்க்கா" என்றாள்.

பக்கம் வெள்ளையாகி மறுபடி வந்தது. ஜெபக்கனியின் விரல்கள் மழை மாதிரி தட்டின, பேர், ஊர், ஆதார், தமிழ், ஊசி ஊசி ஊசி. பிறகு அந்த இடம். வட்டம் இரண்டும் காலியாக, யாரும் கை வைக்காமல். ஜெபக்கனி மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் அமுக்கிருதேன்க்கா. நீங்க வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க." நல்ல பிள்ளை. அன்றைக்கு இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால். நீ திரும்பிக்கொள், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த விரல் இருந்திருக்காது, வேறு யாருடைய விரலோ, அப்போது அவன் வேறு யாராலோ விடப்பட்டவனாக இருந்திருப்பான். "வேண்டாம்" என்றாள். "நானே வைக்கேன்." வர்ணிகாவை இடது தொடைக்கு மாற்றி உட்கார வைத்தாள். விரலை மவுஸின் மேல் வைக்கவில்லை, முதலில் திரைக்கு நேரே நீட்டினாள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு, நன்றாக, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோல. ஆம் என்கிற எழுத்தின் மேல் அது கொஞ்ச நேரம் நின்றது. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அப்புறம் கையை இறக்கி, மவுஸை நகர்த்தி, இல்லை என்பதை அமுக்கினாள். புள்ளி வந்தது. எதுவும் மூடவில்லை, ஏனென்றால் இந்தத் தடவை எதையும் திறக்கவில்லை. கீழே பச்சையாக ஒரு பட்டை ஓடி முடிந்தது. "போயிட்டுக்கா. மூணு நாப்பது" என்றாள் ஜெபக்கனி. பெரியவர் பட்டாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரசீதை மடித்துத் தரும்போது ஜெபக்கனி, "பேரு ஒண்ணு வச்சிருங்கக்கா. ஃபாரத்துக்கு இல்ல, சும்மா" என்று மெல்லச் சொன்னாள். ஆவுடை தலையை ஆட்டினாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. கடை வாசலில் கிடந்த செருப்புகளில் வர்ணிகாவின் செருப்பு ஒன்று எங்கோ போய்க் கிடந்தது, யாரோ காலால் தள்ளியிருக்கிறார்கள். தூரத்தில் ரயிலடிப் பக்கம் ஏதோ வண்டி கூவியது. ஆவுடைக்கு வழக்கம்போல நெஞ்சுக்குள் கேட் இறங்கியது, பெட்டிகள் போக ஆரம்பித்தன, அவள் நின்றாள், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஏழோ எட்டோ, கூவல் தேய்ந்துபோனது. "அம்மா" என்றது வர்ணிகா, வாசல் படியில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு. "ரெண்டு டிக்கு போட்டியே, எதுக்கு?" "ஒண்ணு உனக்கு." "இன்னொண்ணு?" மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது, இந்த வீட்டுல ஆகாது. இது வீடு இல்லை, பஸ் ஸ்டாண்டு. ஆவுடை குனிந்து, தள்ளிக் கிடந்த செருப்பை எடுத்து வந்து, பிள்ளையின் காலுக்கு நேரே வைத்தாள். அந்தப் பாதத்தை ஒரு நிமிஷம் கையில் பிடித்துக்கொண்டாள். விரல் ஐந்தும் இருந்தது.

"சொல்லுதேன்" என்றாள். "மொதல்ல செருப்பைப் போடு."